ரெஜினா வீட்டுக் கூடத்தில் மாற்கு வாசித்தோம்

உங்களுக்குப் பயிற்சி முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் ஆளுக்கொரு பங்குக் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். விவிலியக் கூட்டம் நடத்துவது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எப்படி வட்டமாக உட்கார வைப்பது, எந்தப் பாட்டில் ஆரம்பிப்பது, எப்போது முடிப்பது என்பதெல்லாம் ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் நடத்தியதிலேயே நன்றாக நடந்தது அதுதான். நினைத்தால் இன்றைக்கும் மனசு கனத்துப்போவதும் அதற்காகத்தான்.

1993இல் எனக்குத் திண்டிவனத்தில் மறைக்கல்வி டீச்சர் வேலை போட்டார்கள். அங்கிருந்து மரக்காணம் ரோட்டில் போய், உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். மாதா கோயிலுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. இரண்டு பக்கமும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். ஒரே பூசைதான். ஆனால் கோயிலுக்குள் உட்காரும் இடம் வேறு, செத்தால் புதைக்கும் இடம் வேறு. உங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நானும் கண்டமங்கலம் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள்தான்.

பங்குத்தந்தை வெளி மாவட்டத்துக்காரர். நல்ல மனிதர். இரண்டு பக்கத்துப் பெண்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து நற்செய்தி வாசிக்க முடியுமா என்று கேட்டார். ரெஜினா என்கிற அம்மா தன் வீட்டுக் கூடத்தைத் தருகிறேன் என்றார். அவருடைய கணவர் கடலை மண்டி வைத்திருந்த மல்லாட்டை வியாபாரி, ஊரில் பெரிய கை. ரெஜினாவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. வாய் ஓயாமல் பேசுவார், சிரிப்பார். காலனியிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் அவர்கள் பாயில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர்களில் அமலி என்று ஒருத்தி. பன்னிரண்டாவது முடித்தவள், தையல் பயிற்சி வாங்கியவள், கைக்குழந்தைக்காரி. வாசிக்கச் சொன்னால் கணீரென்று வாசிப்பாள். ஆனால் சும்மா வாசித்துவிட்டுப் போகிறவள் இல்லை. ஒரு வரியில் நின்றால் அதை விடமாட்டாள்.

மாற்கு நற்செய்தியை எடுத்துக்கொண்டோம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், வாரத்துக்குக் கொஞ்சமாக. ஒரே பகுதியை மூன்று பேர் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் ஒவ்வொருவரும் எந்த வார்த்தை தன்னைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்ல வேண்டும். எதையும் தாண்டிப் போகக் கூடாது. புரியாவிட்டாலும், பிடிக்காவிட்டாலும், அங்கே நின்றுதான் நகர வேண்டும். இது நான் போட்ட சட்டம்.

முதல் சில மாதங்களில் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். முடக்குவாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய இடம் வந்தபோது ரெஜினா, "என் வூட்டு ஓட்டை எவனாவது பிரிச்சா நான் சும்மா வுடுவனா? இயேசு உள்ள இருக்கட்டும், எறங்கி வாங்கடான்னு கத்துவேன்" என்றார். பேய்கள் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்து, அத்தனையும் கடலில் விழுந்து செத்த இடத்தில் காலனிக் கிழவி ஒருத்தி, "பன்னி வளத்தவன் நெலமைய யாரும் கேக்கலியே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். அன்றைக்கு அடுத்த வரிக்குப் போக எங்களால் முடியவில்லை.

ஐந்தாம் அதிகாரத்தில் பெரும்பாடு உள்ள ஒரு பெண் வருகிறாள். பன்னிரண்டு வருடமாக இரத்தப்போக்கு. கூட்டத்தில் பின்னால் வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். மூன்று பேர் வாசித்து முடித்தார்கள். அன்றைக்கு ரெஜினா சிரிக்கவில்லை. எந்த வார்த்தை என்று கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவருக்கும் அதே தொந்தரவு இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஆம்பளைங்ககிட்ட எப்படி டீச்சர் இத சொல்றது? மாமியாருக்குத் தெரிஞ்சா தீட்டுன்னு கொல்லைப்பக்கம் தள்ளிடும்."

அமலிதான் கேட்டாள். "பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போலாமா? எனக்கு அங்க வழி தெரியும். நான் கூட வர்றேன்."

போனார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்து ரெஜினா படுத்திருந்த நாட்கள் முழுக்க அமலி அந்தக் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள். கஞ்சி ஊட்டினாள், தலை வாரிவிட்டாள், இரத்தக் கறை பட்ட துணியை அலசிப் போட்டாள். ஊரில் இருந்தவரை "அம்மா" என்று கூப்பிட்டவள், ஆஸ்பத்திரியில் "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். கூட்டம் மறுபடி கூடியபோது ரெஜினா எல்லார் முன்பும் சொன்னார்: "கூடப் பொறந்தவகூட என்ன இப்படிப் பாத்திருக்க மாட்டா."

ஒரு நற்செய்திப் பகுதி இரண்டு பேர் வாழ்க்கையில் நுழைவதை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. நன்றாக நடந்த கூட்டம் என்று நான் சொன்னது அதனால்தான்.

ஆனால் ஒன்று மாறவில்லை. கூட்டம் முடிந்ததும் காபி வரும். ஊர்ப் பெண்களுக்கு எவர்சில்வர் டம்ளர், காலனிப் பெண்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கிளாஸைக் குடித்தவர்களே பின்பக்கக் குழாயில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். எனக்கும் கிளாஸ்தான். ரெஜினாவுக்கு அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மாமியார் காலத்துப் பழக்கம், அவர் அதைக் கவனித்ததுகூட இல்லை. நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் பேசினால் அது என் சண்டையாகிவிடும், என் சாதிக்காரியின் சண்டையாகிவிடும். வாசிக்கிற வார்த்தையே ஒருநாள் அதைப் பேசும் என்று காத்திருந்தேன்.

ஏழாம் அதிகாரம் நெருங்கியது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வேற்று இனத்துப் பெண் ஒருத்தி தன் மகளுக்காக வந்து காலில் விழுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது சரியில்லை என்கிற மாதிரி இயேசு பதில் சொல்கிறார்.

பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "அந்தப் பகுதியை இந்தத் தடவை விட்டுட்டு எட்டுக்குப் போயிடுங்க டீச்சர். இப்பத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணா உக்காருறாங்க."

"எதையும் தாண்டக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன் சாமி. இத மட்டும் தாண்டினா, ஏன்னு அவங்களுக்கே புரிஞ்சிடும்."

"படிக்கிறது கஷ்டமில்ல. படிச்ச பிறகு அந்தத் தெருவுல இருக்கப்போறது அவங்கதான், நம்ம இல்ல" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மூன்றாவதாக வாசித்தது அமலி. அந்த வார்த்தை வந்ததும் அவள் குரல் நின்றது. பிறகு முழுவதையும் வாசித்து முடித்துப் புத்தகத்தை மடியில் வைத்தாள். மௌனம் முடிந்தது. முதல் ஆளாக அவளே சொன்னாள்.

"நாய்க்குட்டி."

ஊர்ப் பெண் ஒருத்தி அவசரமாக, "அது செல்லமா சொல்றதும்மா. குட்டின்னுதான போட்டிருக்கு" என்றாள்.

"எங்களையும் செல்லமாத்தான் சொல்லுவாங்க" என்றாள் அமலி. குரலில் கோபமில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள். "டீச்சர், நெசமாவே இயேசு அந்தப் பொம்பளைய அப்படிச் சொன்னாரா?"

இதற்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. அந்தப் பெண்ணின் விசுவாசத்தைச் சோதிப்பதற்காக அப்படிச் சொன்னார், அந்தக் காலத்துப் பேச்சு வழக்கம் அது, இப்படி நாலைந்து. உங்களுக்கும் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் வலியோடு கேட்கிறவளிடம் அதைச் சொன்னால், வாயை மூடிக்கொள் என்று சொன்னதாகத்தான் ஆகும். நான் சொன்னேன்: "சொன்னாருன்னுதான் எழுதியிருக்கு அமலி. எழுதினவரு மறைக்கல. அவ எழுந்து போயிடலன்னும் எழுதியிருக்கு. திருப்பிப் பேசினா. அவ பேசின அந்தப் பேச்சுக்காகத்தான் மக பொழச்சான்னு அவரே சொல்றாரு."

அமலி தலையாட்டினாள்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து காபித் தட்டு வந்தது. ஒரு பக்கம் டம்ளர், ஒரு பக்கம் கிளாஸ். தட்டு நடுவில் வைக்கப்பட்டது. எல்லாரும் பார்த்தார்கள். ஒரு கையும் நீளவில்லை. ரெஜினா தட்டைப் பார்த்தார், அமலியைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. எழுந்து தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். மறுபடி வந்தபோது எல்லாமே எவர்சில்வர் டம்ளர். முதல் டம்ளரைத் தன் கையால் அமலியிடம் கொடுத்தார்.

"குடி" என்றார்.

அமலி குடித்தாள். கிழவி குடித்தாள். நானும் குடித்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் திண்டிவனம் திரும்பும்போது நான் வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

ரெஜினாவின் மாமியார் நடந்ததை மகனிடம் சொல்லியிருக்கிறார். ரெஜினாவின் கணவர் அத்தனை டம்ளரையும் வாரித் தெருவில் வீசியிருக்கிறார். காலனிப் பையன்கள் காலையில் வந்து ஏன் வீசினாய் என்று கேட்டிருக்கிறார்கள். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, யாரோ கல்லை விட்டெறிய, அமலியின் தம்பிக்கு மண்டை உடைந்தது. ஊரில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள்: காலனிப் பொம்பளைகள் சமையல்கட்டுக்குள்ளே புகுந்து தாங்களாகவே டம்ளரை எடுத்துக்கொண்டார்களாம். அமலிதான் முதலில் போனாளாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பங்குத்தந்தை இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்தார். போலீஸுக்குப் போகாமல் முடிக்க வேண்டும் என்பது அவர் கவலை. ரெஜினாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "அம்மா, டம்ளரை நீங்க குடுத்தீங்களா, அவங்க எடுத்துக்கிட்டாங்களா?"

கணவர் இரண்டடி தள்ளி நின்றார். ரெஜினாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. அவர் நிமிரவே இல்லை.

"நான் குடுக்கல சாமி. அவங்களேதான் எடுத்துக்கினாங்க."

அமலி எதிரே நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. "சரிங்கம்மா" என்றாள். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த அந்த "அக்கா" அதோடு போய்விட்டது.

சாமி என் பக்கம் திரும்பினார். "டீச்சர் அங்கதான் இருந்தீங்க." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சேர்த்தார்: "கூட்டத்துல நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, இல்லியா?"

அவர் எனக்குத் தப்பிக்க வழி திறந்துவிட்டார் என்று தெரிந்தது. கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் ரெஜினாவுக்கு வீட்டில் அன்றைக்கு அடி விழாது. இரண்டு பக்கமும் முணுமுணுத்துவிட்டுக் கலைந்திருக்கும். ஆனால் அமலி அடுத்தவர் சமையல்கட்டில் புகுந்தவள் என்கிற பேரோடு அந்த ஊரில் காலம் தள்ள வேண்டும். எந்தப் பதிலைச் சொன்னாலும் இந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைக் கைவிட வேண்டும். யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது.

"பாத்தேன் சாமி. ரெஜினாம்மாதான் தன் கையால குடுத்தாங்க. மனசாரக் குடுத்தாங்க."

"டீச்சரும் அவங்க ஆளுதான? வேற என்னா சொல்லுவாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ரெஜினாவின் கணவர் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போகும்போது ரெஜினா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நன்றி மாதிரி ஒன்று இருந்தது.

அடுத்த வாரமே அவரை விழுப்புரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பல மாதங்கள் கழித்துத்தான் திரும்பி வந்தார். கூட்டத்துக்கு வரவில்லை. ஊர்ப் பெண்கள் ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நாளில் பூசையும் இரண்டு வேளையாகிவிட்டது, இவர்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. பங்குத்தந்தை என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை. அவர் மாற்றல் ஆகிப் போகும் நாளில் மட்டும், "உங்க மேல தப்பில்ல டீச்சர். ஆனா ரெண்டு பேரையும் இழந்துட்டோம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமலி பஸ் நிறுத்தம் வரை என்னுடன் நடந்து வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"நீங்க சொன்னது சரிதான் டீச்சர். ஆனா அது அவங்க வாயால வரணும்னு நின்னேன். இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்திருந்தா வந்திருக்குமோ என்னவோ."

வந்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். குற்ற உணர்ச்சி வேறு, வருத்தம் வேறு. நான் பொய் சொல்லவில்லை என்பதில் எனக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது. ஆனால் சரியான ஒன்றைச் செய்தபிறகும் வருத்தம் இருக்கும். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் சொல்லி இறக்க முடியாது. இந்த வேலையில் அப்படி ஒன்றிரண்டு உங்களுக்கும் சேரும்.

கூட்டத்தைக் காலனியில் ஒரு வேப்பமரத்தடியில் தொடர்ந்தோம். பதினான்காம் அதிகாரம் வந்தது. பேதுரு, அவரை எனக்குத் தெரியாது என்று மறுதலிக்கிற இடம். அமலியின் முறை. புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டாள். எந்த வார்த்தை என்று நான் கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தாள். சில வாரங்களில் மாற்கு முடிந்தது. அவளும் திண்டிவனத்துக்குக் குடிபோய்விட்டாள். எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது.

வருடங்கள் ஓடிவிட்டன. இரண்டாயிரத்துப் பத்தும் தாண்டி நான் ஓய்வு பெறும் சமயம். விழுப்புரத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, தடியூன்றிய ஓர் அம்மா வந்து என் கையைப் பிடித்தார். தலை முழுக்க நரை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சிரித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது.

"டீச்சர், ஏழுல நிறுத்திட்டோமே. மிச்சத்த எப்ப படிக்கிறது?" என்றார் ரெஜினா.

கணவர் இறந்துபோயிருந்தார். மகன் வீட்டில் விழுப்புரத்திலேயே இருந்தார். இருதயம் பலவீனம், படியேறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் வாரம் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எட்டாம் அதிகாரத்திலிருந்து எடுத்தோம். இரண்டு பேர்தான், அதனால் நான் ஒருமுறை, அவர் ஒருமுறை வாசித்தோம். பார்வையில்லாதவன் முதலில் மனிதர்களை மரம் மாதிரி பார்த்து, இரண்டாவது முறை தொட்ட பிறகே தெளிவாகப் பார்க்கிற இடத்தை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அவருக்கே ரெண்டு தடவ தொட வேண்டியிருந்துச்சே டீச்சர்" என்றார்.

பதினான்காம் அதிகாரம் வருகிறது என்று எனக்குத் தெரியும். தாண்டலாமா என்று அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். அவருடைய இருதயம் அப்படி. ஆனால் அவருக்கும் தெரிந்திருந்தது. நான் போய் உட்கார்ந்ததுமே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இன்னிக்கு நான் மொதல்ல படிக்கிறேன்" என்றார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேதுருகிட்ட மூணு தடவ கேட்டாங்க. என்கிட்ட ஒரே தடவதான் கேட்டாங்க டீச்சர்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னாலும் அது அவருக்கு எட்டாது என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்துப் பதினாறாம் அதிகாரம். காலியான கல்லறையில் ஒரு இளைஞர், அங்கே வந்த பெண்களிடம் செய்தி சொல்லி அனுப்புகிறார். சீடர்களிடம் சொல்லுங்கள், பேதுருவிடமும் சொல்லுங்கள் என்று. நான்கு நற்செய்திகளில் மாற்கு மட்டும்தான் அந்த இடத்தில் பேதுருவைத் தனியாகக் குறிப்பிடுகிறார். அதைச் சொன்னேன். ரெஜினா என்னை மறுபடி வாசிக்கச் சொன்னார். அப்புறம் ஒருமுறை.

"பேரச் சொல்லி அனுப்பினாரா?"

"ஆமாம்மா. பேரச் சொல்லித்தான்."

புத்தகத்தை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அமலி எங்க இருக்கா? அவகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?" என்றார்.

"என்னான்னு சொல்லட்டும்?"

"மன்னிப்புன்னு எல்லாம் சொல்லாதீங்க. அது அவளுக்குச் சங்கடம். ரெஜினா உன்னக் கேட்டான்னு சொல்லுங்க, போதும்."

திண்டிவனத்தில் அமலியைத் தேடுவது சிரமமாக இல்லை. சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தாள். நாலு மெஷின், நாலு பெண்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது.

"கோவம்லாம் எப்பவோ போயிடுச்சு டீச்சர். அவங்க வூட்டு நெலமை எனக்குத் தெரியாதா? கன்னம் வீங்கியிருந்ததை நானுந்தான் பாத்தேன்." நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். "ஆனா போய் எதுக்க உக்காந்து சிரிச்சுப் பேச இன்னும் முடியல. அவங்க பொழைக்கணும்னு ஆஸ்பத்திரியில முட்டி போட்டு ஜெபம் பண்ணவ நான்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. விழுப்புரம் வந்து ரெஜினாவிடம் என்ன சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்தேன். வேலையாய் இருக்கிறாள், ஊரில் இல்லை என்று எதையாவது சொல்லலாம். ஆனால் அவரிடம் அதற்கு மேல் ஒரு பொய் சேரக் கூடாது என்று தோன்றியது. நடந்ததை அப்படியே சொன்னேன்.

ரெஜினா கவனமாகக் கேட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "'இன்னும் முடியல'ன்னா சொன்னா? 'இன்னும்'னு சொன்னாளா டீச்சர்?"

"ஆமாம், அப்படித்தான் சொன்னா."

"முடியாதுன்னு சொல்லல."

"சொல்லல."

முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். எனக்கு அது அமலி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு சொல். அதில் ஒருத்தி வீடு கட்டிக் குடியேறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு இரண்டு மூன்று முறை திண்டிவனம் போனேன். ஒவ்வொரு முறையும் அமலி காபி வாங்கிக்கொடுத்தாள், ரெஜினாவின் உடம்பை விசாரித்தாள், தீபாவளித் தையல் முடியட்டும், கிறிஸ்துமஸ் தையல் முடியட்டும் என்றாள். நான் கெடுபிடி பண்ணவில்லை. கெடுபிடியில் வருகிற மன்னிப்பு ரெஜினாவுக்கும் வேண்டியிருக்காது.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ரெஜினா போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் எழுப்பப் போன மருமகள் பார்த்திருக்கிறாள். அமலிக்குப் போன் பண்ணினேன். "எப்போ?" என்று மட்டும் கேட்டாள். அடக்கத்துக்கு வரவில்லை.

இளைய சகோதரிகளே, தம்பிமார்களே, கடினமான பகுதியைத் தாண்டிப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தாண்டிப் போயிருந்தால் ரெஜினா ஒருநாளும் எழுந்து உள்ளே போயிருக்க மாட்டார். அந்த ஒரு பிற்பகல் அவர் வாழ்க்கையில் இல்லாமலே போயிருக்கும். ஆனால் வாசித்து முடித்ததும் நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். உங்களோடு வாசித்தவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். அவர்களுக்கு யார் மாமியார், யார் புருஷன், எந்தக் கதவு எப்போது சாத்தப்படும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நற்செய்தியை எவ்வளவு நெருங்கி வாசிக்கிறீர்களோ அவ்வளவு நெருங்கி அவர்களையும் வாசியுங்கள். எனக்கு நற்செய்தி நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வீடு தெரிந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அமலி விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். மண் இன்னும் இறுகவில்லை. சிலுவையில் பெயர்கூட எழுதவில்லை. அமலி மாலை எதுவும் கொண்டுவரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "நான் சொன்னதுக்கு அவங்க என்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

'இன்னும்' என்கிற சொல்லை ரெஜினா எப்படிப் பிடித்துக்கொண்டார் என்பதைச் சொன்னேன். அமலி உட்கார்ந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகூட அழாதவள், மண்ணில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

"வர்றேன்னு சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றாள். "வராமப் போனாலும் பரவால்ல. 'வர்றேன் அக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்."